கூட்டிச் சொன்ன ஒன்பது வயது

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துத் திருமலையின் வயதுக்கு இரண்டு கணக்கு. அம்மா பெற்ற கணக்கில் ஐம்பத்தேழு, ஆதார் கணக்கில் அறுபத்தாறு.

மீன்பிடி லாஞ்சில் கம்பி அறுந்து முழங்காலில் அடித்த பிறகு அவரால் கடலுக்குப் போக முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு ஆதார் எடுத்தார்கள். பிறந்த தேதிக்கு யாரிடமும் காகிதம் கிடையாது. வாயால் சொன்னதுதான் வயது. "ஏத்திச் சொல்லு நைனா, முதியோர் பணம் சீக்கிரம் வரும்" என்று வரிசையில் பின்னால் நின்றவர் காதைக் கடித்தார். திருமலை ஏற்றிச் சொன்னார். குப்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதால் அது பொய் மாதிரியே தெரியவில்லை.

திருவொற்றியூரில் வலையும் கயிறும் விற்கிற வெள்ளத்துரைக்கு இது தெரியாது. தெற்கேயிருந்து வந்து கடை போட்டவர், அறுபத்திரண்டு வயது. தன்னைவிட மூத்தவர் என்று நம்பித் திருமலையை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மகள் ஷெர்லின் ஆராய்ச்சி டாக்டர். முதுமையைத் தள்ளிப்போடும் மருந்துக்கான ஆய்வில் இருந்தாள். "என் மவளுக்கு அறுபது தாண்டுன ஆளு வேணுமாம், வீட்டு ஆளு ஆவாதாம். நீங்க போயி கொஞ்சம் ரத்தம் குடுங்கண்ணே" என்று ஒருநாள் கடையில் நாலு பேர் முன்னால் கேட்டார். நான் அறுபது தாண்டவில்லை என்று அங்கே எப்படிச் சொல்வது? திருமலை போய் ஆதாரைக் காட்டி ரத்தம் கொடுத்தார்.

பத்து நாளில் ஷெர்லினே கூப்பிட்டு அனுப்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பெரியப்பா, உங்க ரத்தத்துல வயசு ஐம்பத்தெட்டுன்னு காட்டுது! உங்க உடம்பு எட்டு வருஷம் பின்னால நிக்குது!"

அவருக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னாள். உடம்பில் சில கிழட்டுச் செல்கள் சாகாமல் கிடந்து பக்கத்தில் இருப்பதையும் கெடுக்குமாம். கண்ணுக்கே தெரியாத நானோ துகளில் மருந்தை ஏற்றி, நேராக அந்தச் செல்லுக்கு மட்டும் அனுப்பப் பார்க்கிறார்களாம்.

"லாஞ்சு போவ முடியாத இடத்துக்குக் கட்டுமரம் போற மாரியா?"

"அதேதான்! உங்க உடம்பு தானாவே அதை எப்படிச் செய்யுதுன்னு தெரிஞ்சா, மருந்தை எங்கே அனுப்பணும்னு தெரிஞ்சிரும். சொல்லுங்க, அப்படி என்ன சாப்பிடுறீங்க?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது. "சின்ன வயசுலேர்ந்து ஆத்து மட்டி அவிச்ச சாறு குடிப்பேம்மா" என்றார். சின்ன வயதில் குடித்தது உண்மை. ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிய ஆரம்பித்த பிறகு, ஓட்டுக்குள் கறுப்பாக இருக்கும் அந்த மட்டிச் சிப்பியைக் குப்பத்தில் ஒருவரும் வாயில் வைப்பதில்லை. ஷெர்லின் அதைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே இரண்டாம் முறை ரத்தம் எடுத்தாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டு அவர் மனைவி புஷ்பவல்லி மீன் அரிவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"கம்மியாத்தான்யா கீது! வயச ஏத்துனது நாமதான?"

"சிரிக்காத. மூணாவது தபா ரத்தம் எடுக்கக் கூப்ட்டு கீறாங்க."

"போய் உண்மையச் சொல்லிட்டு வந்துரு."

"சொன்னா ஆபீஸ்காரன் குப்பத்துல எல்லார் பணத்தையும் நோண்டுவான்."

"அதுக்காவ அந்தப் பொண்ணு இல்லாதத தேடிகினு கெடக்கணுமா?" இப்போது அவள் சிரிக்கவில்லை.

 திருமலை மூன்றாவது முறையும் போய்க் கையை நீட்டினார். ஊசி ஏறும்போது அந்தப் பெண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வலைக்கு நூல் வாங்கப் போனபோது வெள்ளத்துரையின் கடை பூட்டியிருந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். என்ன சாப்பிட்டாராம் என்று கேட்க வாயெடுத்தவர் கேட்காமலே பஸ் ஏறினார்.

கட்டிலில் வெள்ளத்துரை பாதியாகக் கிடந்தார். பக்கத்தில் ஷெர்லின். திருமலையைப் பார்த்ததும் வெள்ளத்துரை எழுந்து உட்காரப் பார்த்தார்.

"வாங்கண்ணே. நான்தான் பக்குவம் தப்பிட்டேன் போல. நீங்க குடிக்கிறத இவ சொன்னா. ஆள விட்டு ஆத்துல மட்டி அள்ளியாரச் சொல்லி, தெனம் ஒரு டம்ளர் குடிச்சேன். நீங்க எம்புட்டு நேரம் அவிப்பீங்க?"

திருமலை கட்டிலருகே வந்தார். "உனக்கு எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்?"

"இவ மருந்து வர இன்னும் பத்து, பதினைஞ்சு வருசம் ஆவும்ங்கா. அதுவரைக்கும் தாக்குப் பிடிக்கணும்லா?"

மகள் அவர் கையைத் தட்டி, "பேசாம படுங்கப்பா" என்றாள். அவளும் திருமலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பக்குவம் தெரிந்துகொள்ள.

குப்பத்தார் முகங்கள் எல்லாம் ஒரு கணம் அவர் கண்முன் வந்து நின்றன. அப்புறம் இந்தக் கட்டில் மட்டும்தான் தெரிந்தது.

"மட்டில ஒண்ணும் இல்லம்மா. நான் அத்தத் தொட்டே பல வருசம் ஆவுது. எனக்கு ஐம்பத்தேழுதான். பணத்துக்காவ ஆதார்ல ஏத்திச் சொன்னேன். உன் மெசின் சரியாத்தான் சொல்லிச்சு."

ஷெர்லின் கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"மூணு தடவை ஊசி குத்துனேனே. அப்பகூடச் சொல்லத் தோணலியா?"

"தோணிச்சும்மா."

 வெள்ளத்துரை மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப நான்தான் உனக்கு அண்ணனாடே?" விளையாட்டாகக் கேட்டாரா என்று திருமலைக்குத் தெரியவில்லை. அடுத்த நொடி வெள்ளத்துரை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவரைத் தூங்க விடுங்க" என்றாள் ஷெர்லின். இந்த முறை பெரியப்பா என்று சொல்லவில்லை.

எண்ணூர் பஸ்ஸில் கூட்டம். அவர் காலை இழுத்து ஏறியதைப் பார்த்து, முதியோர் இருக்கையில் இருந்த ஒருவர் சட்டென்று எழுந்தார்.

"உக்காருங்க பெரியவரே."

"பரவால்லப்பா, நீ உக்காரு."

"அட, வயசானவரு நின்னுகினு வர்றதா? உக்காருங்க."

முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. திருமலை கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றபடியே வந்தார். எழுந்தவரும் உட்காரவில்லை. எண்ணூர் வரைக்கும் அந்த இருக்கை இருவருக்கும் நடுவில் காலியாகவே வந்தது.