மணல்மேட்டில் நின்ற பாய்

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், நல்ல வெயில் நேரத்தில், என் ஓடம் கொள்ளிடத்தில் கவிழ்ந்தது. என் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சபையில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வாயும் தெரியும். எதையும் நீட்டி முழக்குகிறவன் நான். ஆனால் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லும்போது ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அது பெரிய ஓடம். நானும் என் தம்பி சாமுவேலும் ஓட்டினோம். கூலிக்கு இரண்டு ஆட்கள். அக்கரைப் படுகையில் வாழைத்தாரும் வைக்கோலும் ஏற்றி, ஆட்களையும் ஏற்றி, ஸ்ரீரங்கத்துக் கரையில் கொண்டுவந்து இறக்குவோம். தம்பி பின்னால் நின்று சுக்கானைப் பிடிப்பான். பாய் என் பொறுப்பு. பெரிய ஓடத்தில் பாய்க்கயிற்றை முளையில் இறுக்கிக் கட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பது வழக்கம். அன்றைக்கும் கட்டிவிட்டு, வாடகை விஷயமாக ஒருவரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். மேல்காற்று திடீரென்று அறைந்தது.

"அண்ணே, கயித்த அவுத்து விடு!" என்று தம்பி கத்தினான். நான் ஓடிப்போய் முடிச்சைப் பிடித்தேன். இறுகிப்போயிருந்தது. ஓடம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது, கவிழ்ந்தது.

ஆற்றில் ஆழம் குறைவான இடம். கர்த்தருடைய கிருபையால் ஒரு உயிரும் போகவில்லை. எல்லாரும் நனைந்த கோழிகளாகக் கரையேறினோம். ஓடம் மட்டும் கல்லில் மோதி உடைந்தது. கரையில் கூட்டம் கூடிவிட்டது. "எப்படிப்பா கவுந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள். நான் தம்பியைக் கை காட்டினேன். "இவன்தான் சுக்கானைத் தப்பாத் திருப்பிட்டான்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு நடந்து போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் பாலக்கரையில் ஒரு மரவாடியில் கட்டை சுமக்கப் போனான். ஆற்றையே பார்த்துப் பழகியவன் மரத்தூளில் நின்றான். என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. ஆலயத்தில் அவன் ஒரு கோடியில் உட்காருவான், நான் மறு கோடியில். ஒரே பாட்டைத்தான் இருவரும் பாடுவோம். ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாசல்.

எனக்கோ ஓடமும் இல்லை, தொழிலும் இல்லை. தண்ணீருக்குப் பயந்து ஆற்றுப் பக்கமே போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்தேன். என்னால் ஜெபிக்கவும் முடியவில்லை. தலையைக் குனிவேன், கண்ணை மூடுவேன், வாய் திறக்காது. பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு யாரிடம் என்ன கேட்பது? என் மனைவி எஸ்தர் மட்டும் விடியற்காலையில் முழங்காலில் நிற்பாள். "ஆண்டவரே, இவரை மறுபடி ஆத்துக்கு அனுப்பும்" என்று நான் கேட்கும்படியே ஜெபிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆறு என்ன, பக்கத்து வீடா?

இரண்டு வருஷம் இப்படியே போனது. அப்போதுதான் வீரமுத்து வந்தார்.

கடற்கரைப் பக்கத்திலிருந்து ஏழு குடும்பங்கள் ஆடி பிறந்ததும் வந்து, தை வரைக்கும் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் குடிசை போட்டுத் தங்குவார்கள். ஆளுக்கு ஒரு சின்னக் கட்டுமரம். மூன்று கட்டைகள், ஒரு சின்னப் பாய், ஒரு துடுப்பு, ஒரே ஆள். பாய் பிடிப்பதும் அவனே, துடுப்புப் போடுவதும் அவனே, வலை இழுப்பதும் அவனே. வீரமுத்துவுக்கு முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் மற்ற ஆறு பேரும் அவர் பேச்சைத்தான் கேட்பார்கள். என் ஓடத்தின் உடைந்த பலகைகளைக் குடிசைக்குக் கேட்டு வந்தார். பதிலுக்கு ஒரு கட்டுமரம் தருகிறேன் என்றார்.

"மூணு கட்டைய வச்சு அடுப்பு எரிக்கலாம். ஆத்துல போக முடியுமா?" என்றேன்.

"அடுப்புக்கு வேணும்னாலும் வச்சுக்குங்கண்ணே. நாளைக்குக் கரைக்கு வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று சிரித்தார்.

எஸ்தர் பலகைகளை அப்போதே வாசலில் எடுத்துப் போட்டுவிட்டாள். என்னைக் கேட்கக்கூட இல்லை.

முதல் நாள் என் மானம் போனது. கட்டுமரத்தில் கட்டைகளுக்கு நடுவில் தண்ணீர் ஏறும், தானே இறங்கும். அது அதன் இயல்பு. ஓடக்காரனுக்கு அது தெரியுமா? உள்ளே தண்ணீர் வந்தால் இறைத்துக் கொட்டு என்றுதான் என் கைக்குத் தெரியும். இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினேன். கரையே சிரித்தது. "அண்ணே, கொள்ளிடத்தையே எறச்சுக் காய வைக்கப் போறீங்களா?" என்று வீரமுத்து கத்தினார்.

கரைக்கு வந்ததும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார். "கயித்த மட்டும் எதுலயும் கட்டாதீங்க. கையிலயே வச்சுக்குங்க. காத்து அறைஞ்சா விட்டுடுங்க. தனியாப் போறவனுக்கு வேற பாடம் இல்லண்ணே."

நான் பதினெட்டு வருஷம் ஓடம் ஓட்டியவன். எனக்குச் சொல்கிறாரே என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றைக்கே இன்னொரு சங்கதி. ஒழுங்கான ஆள் என்று காட்டுவதற்காக என் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். வீரமுத்து ஒன்றும் சொல்லாமல் அதைப் பிரித்து மறுபடி நிறுத்தினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஈரம் காயட்டும் என்று நிறுத்துகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். பயந்த ஆள் நான். தினமும் முதல் ஆளாகக் கரையேறுவேன், முதல் ஆளாக வீட்டுக்கு நடப்பேன். அவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்ததில்லை. அவர்கள் என்னைத் தங்களில் ஒருவனாக நினைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இனி அந்த நாள். ஆடி முடியும் சமயம். முக்கொம்பு அணையிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீர் அதிகமாக வந்துகொண்டிருந்தது. மதியம் தாண்டி வலை கனத்தது. நல்ல மீன். இழுக்க இரண்டு கையும் வேண்டும். கையிலிருந்த பாய்க்கயிற்றை என்ன செய்வது? கொஞ்ச நேரம்தானே என்று கட்டையில் சுற்றி, பழைய கைப்பழக்கத்தில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன்.

காற்று அறைந்தது. நான் முடிச்சிடம் ஓடினேன். இறுகிப்போயிருந்தது.

அதே முடிச்சு. அதே கை. அந்த ஒரு நொடியில் நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், யார் மேலாவது பழி போடத்தான் திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை. மூன்று கட்டையும் நானும்தான்.

மறுநொடி தண்ணீருக்குள் இருந்தேன். மேலே வந்து கட்டையைப் பிடித்துக்கொண்டேன். துடுப்பு போய்விட்டது. பாய் தண்ணீருக்கடியில் கிடந்து கட்டுமரத்தை இழுத்தது. வெள்ளம் என்னைக் கிழக்கே அடித்துக்கொண்டு போனது. ஆடிக் காற்றில் ஆற்று மணல் எழும்பி எங்கும் ஒரே மங்கல். வானமும் பழுப்பு, தண்ணீரும் பழுப்பு. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போனேனோ தெரியாது. கை மரத்துப்போனது. எஸ்தரை நினைத்தேன். செத்துப்போவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

அப்போது என் வாய் திறந்தது. இரண்டு வருஷமாகத் திறக்காத வாய். "ஆண்டவரே, கயிற்றைக் கட்டினது நான்தான். அன்றைக்கும் நான்தான். சாமுவேல் ஒன்றும் செய்யவில்லை" என்று கதறினேன். காப்பாற்றும் என்றுகூடக் கேட்கவில்லை. "நான் இருக்கிறேனா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒருத்தரும் இல்லையே, நீராவது பாரும்" என்றேன்.

தலையை நிமிர்த்தினேன். ஒரு பாய் தெரிந்தது.

எனக்கு நேர் எதிரே, ஆறு என்னைக் கொண்டுபோகிற திசையில், பழுப்பு நிறத்துக்கு நடுவில் ஒரு பாய் நின்றது. நகரவில்லை. தண்ணீரில் போகிற பாய் ஆடும், சாயும். இது நட்டு வைத்ததுபோல நின்றது. தரிசனம் என்றுதான் முதலில் நினைத்தேன். இன்றைக்கும் அது தரிசனம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் உடம்பு சிலிர்த்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பலம் கைக்கு வந்தது. இடுப்புக் கத்தியை எடுத்துப் பாய்க்கயிற்றை அறுத்தேன். பாய் ஆற்றோடு போயிற்று. கவிழ்ந்து கிடந்த கட்டைகள் மேலேயே ஏறிப் படுத்தேன். ஓடம் கவிழ்ந்தால் கதை முடிந்தது. கட்டுமரம் கவிழ்ந்தாலும் சுமக்கிறது! குப்புறப் படுத்தபடியே, அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டே, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினேன்.

கை மணலில் தட்டியது.

அது ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்த மணல்மேடு. இரண்டு பேர் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கு நின்றார்கள். வீரமுத்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கி என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். "வந்துட்டாருடா!" என்று கத்திவிட்டு அழுதார். அந்தக் கிண்டல்காரர் அழுததை நான் பார்த்தேன்.

மூச்சு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தனித்தனியாகப் போகிறவர்கள் அல்லவா? முதலில் கரையேறியவன் பாயைச் சுருட்டக் கூடாது. கடைசி மரம் வரும்வரை, வழி தெரிவதற்காக, கரையில் நிறுத்தியே வைக்க வேண்டும். அன்றைக்கு ஆறு மரம் கரையேறிவிட்டது. வீரமுத்து எண்ணிப் பார்த்து, ஏழாவது ஆள் எங்கே என்றிருக்கிறார். ஏழாவது ஆள் நான். ஊருக்குப் போன ஒரு குடும்பத்தின் இடத்தில் என்னை வைத்து, முதல் நாளிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது.

"ஆனா இது நம்ம கரை இல்லையே, ஒரு மைல் கீழ இருக்கே" என்றேன்.

"ஆறு உங்களை எங்க கொண்டாந்து விடும்னு எங்களுக்குத் தெரியாதாண்ணே? அதான் பாயைத் தூக்கிட்டு முன்னாடியே ஓடியாந்தோம்."

சகோதரரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு மைல் தூரம், மணலில், பாய்மரத்தைச் சுமந்துகொண்டு ஓடி வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் வாய் திறந்து ஜெபித்தது கடைசியில்தான். நான் கேட்பதற்கு முன்பே பதில் கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. என் வாயை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் நேராக மரவாடிக்குப் போனேன். சாமுவேல் தோளில் கட்டையோடு வந்தான். அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். கூட்டத்தில் சொன்ன பொய்யைக் கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும். "அன்னிக்கு ஓடத்தைக் கவுத்தது நான்தான். கயித்தக் கட்டினது நான். என் தம்பி மேல தப்பில்ல" என்று உரக்கச் சொன்னேன்.

அவன் கட்டையை இறக்கி வைத்தான். "எனக்குத் தெரியும்ணே. உனக்குத் தெரியுமான்னுதான் எனக்குத் தெரியல" என்றான். பிறகு என் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டான்.

அடுத்த ஆடியில் அவனும் ஒரு கட்டுமரம் கட்டினான். இன்று எட்டு வருஷம் ஆகிறது. பெரிய ஓடத்தின் ஆசை எனக்குப் போய்விட்டது. கயிற்றைக் கையில் வைத்திருக்கிறேன், காற்று அறைந்தால் விட்டுவிடுகிறேன். வீரமுத்துவின் ஆட்கள் தை மாதம் ஊருக்குக் கிளம்பும்போது, எஸ்தர் அவர்களில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறாள். இந்தக் கைகளுக்கும் அந்த மனிதர்களுக்கும் என் ஆண்டவருக்கு நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பேன்!

வாய் திறக்க முடியாமல் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் இதைப் படித்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு நிமிர்ந்து பாருங்கள். உங்களை எண்ணாமல் விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். நீங்கள் போய்ச் சேரும் இடத்துக்கு அவர் முன்னாலேயே வந்து நிற்கிறார்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், நான் முதலில் கரையேறினேன். காற்று பலம். ஒவ்வொரு மரமாக வந்தது. சாமுவேலை மட்டும் காணவில்லை. பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. மற்றவர்கள் மாற்றிப் பிடிக்க வந்தார்கள். நான் விடவில்லை. வெகு நேரம் கழித்து மங்கலுக்குள்ளிருந்து அவன் மரம் வந்தது. நனைந்துபோய், சிரித்துக்கொண்டு இறங்கினான்.

"இன்னும் சுருட்டலையாண்ணே?" என்றான்.

"நீ வரலையேடா" என்றேன்.