அப்பாவின் குரலுக்காகத் திருத்திய கெர்னல்

1956 பிப்ரவரி 20, திங்கட்கிழமை. எங்கள் ஊரின் பண்டார் ஹிலிர் திடலில், இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வரும் நாளை அறிவித்தபோது அக்கா அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தாள். நான் பிறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, காஜா பெராங் வீட்டில், அந்த நாளைப் பற்றி அப்பாவைப் பேசவைத்துக் கணினியில் பதிவு செய்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று காந்த டேப்பில் ஏற்றிவைத்தேன். அப்பா போனார். அந்தக் கணினியும் போனது. புதிய கணினியில், டேப்பைப் படிக்கும் பெட்டியை மாட்டினால், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அதை அடையாளம் தெரியவில்லை.

கிளேபாங்கில் இருக்கும் அக்காவுக்கு மறதி முற்றிக்கொண்டிருந்தது. அப்பாவின் குரலாவது அவளுக்கு மறக்காமல் இருக்கும்போதே அதைக் கேட்கவைக்க வேண்டும். கணினிக் கடைக்காரர் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். கெர்னலிலிருந்து எப்போதோ நீக்கப்பட்டிருந்த அந்தப் பெட்டிக்கான நிரலைத் தேடியெடுத்து, நானே திருத்திச் சேர்த்தேன். நிரல் எழுதிப் பழக்கமில்லாத, அலுவலகக் கணக்கு எழுதியே ஓய்வுபெற்ற கிராணி நான்.

டேப்பைத் தொட்டதும் கணினி உறைந்தது. எந்த இடத்தில் என்று அறிய, நிரல் புத்தகம் ஒன்று சொன்னபடி, நிரலின் நடுநடுவே "இங்கே வந்தாயிற்று" என்று திரையில் காட்டும் வரிகளைச் செருகினேன். இப்போது உறையவில்லை. வரிகளை எடுத்தேன், உறைந்தது. மறுபடி செருகினேன், ஓடியது. அவ்வரிகளால் உண்டான சிறு தாமதமே பிழையை மறைக்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். பிழை எங்கே என்றுதான் தெரியவில்லை.

"அப்பாவைத் தேடுறேன்னு தினம் கம்ப்யூட்டரைச் சாகடிக்கிறீங்க," என்றாள் மனைவி.

"சாகலை. உறைஞ்சிருக்கு."

"நீங்களும்தான்லா. சோறு ஆறுது."

கடைசியில் அந்த வரிகளை அப்படியே விட்டுவிட்டு டேப்பை ஓடவிட்டேன். கொஞ்சம் படித்தது, பிறகு முடியாது என்றது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடம். தவறு என் திருத்தத்திலா, டேப்பிலா? பிரித்தறிய இன்னொரு டேப் வேண்டும். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

கிடைத்ததைக் கைப்பேசியில் ஏற்றி, கிளேபாங்கில் அக்காவின் காதருகே வைத்தேன். நாற்காலி இழுபடும் சத்தம். இருமல். பிறகு அப்பா: "பதிவாகுதா, தம்பி?"

அவ்வளவுதான்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆகுதுப்பா, பேசுங்க."

கைப்பேசியை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"சார், சத்தம் போடாதீங்க," என்றாள் என்னிடம். "அப்பா பேசப்போறாரு."