இறையாண்மைக்கு நான் எழுதிய இங்கிலீஷ்

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவன் நான். ஐம்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு, "அப்புறம் வரோம்" என்று எழுந்து போகிறவர்களிடம்கூடச் சிரித்த முகத்தோடுதான் பேசுவேன். அப்பேர்ப்பட்டவனுக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புத்தகக் கடையில் முதல் புத்தகத்திலேயே பொறுமை போய்விட்டது. நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

புத்தகம் என் தங்கைக்கு. ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்வதற்கான சி.டி.எஸ். தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தாள். மூன்றாவதுதான் கடைசி, அதற்கப்புறம் வயது தாண்டிவிடும். போதாததற்கு, பெண்கள் என்றால் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்று விதி. "இந்த வாட்டி வரலன்னா மாப்ள வூட்டுக்கு சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் அழுதுகினு நிக்கக் கூடாது" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

கடைக்கார பாய் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"மிலிட்டரி கைடா? ஓடுறதுக்கா, எழுதுறதுக்கா?"

"எழுதுறதுக்கு பாய். ஆபீசர்."

"சிப்பாய் புக்குதான் இங்க ஜாஸ்தி போவுது. ஆபீசருக்குக் கேக்கறவங்க கம்மி. இது ஒண்ணுதான் கீது."

தலையணை கனத்தில், இங்கிலீஷில் எழுதிய ஒரு கைடை எடுத்து வைத்தார். தங்கை பிரித்தாள். விரலை வரிக்கு வரி நகர்த்தி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். கல்லூரி வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்தவள். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பக்கத்து அடுக்கில் 'எல்லாப் போட்டித் தேர்வுகளுக்கும்' என்று அட்டையில் போட்ட தமிழ்ப் பொது அறிவுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். மடமடவென்று படித்தாள்.

"இதையே போடுங்க பாய்."

"அண்ணா, பேப்பரு இங்கிலீஷ்லயும் இந்தியிலயும்தான வரும்?" என்றாள் தயங்கி.

"ரெண்டு வாட்டி இங்கிலீஷ்ல படிச்சி இன்னா கிழிச்ச? புரிஞ்சாதான எழுதுவ?"

பாய் சும்மா இருக்கவில்லை. "தங்கச்சி சொல்றதக் கேளுப்பா" என்றார். எனக்குத் தெரியும் என்று அவர் வாயை அடைத்தேன். அவள் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எதிர்த்துப் பேசியிருந்தால் இவ்வளவு வலிக்காது.

நான்கு மாதம் அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாள். எங்கிருந்து கேட்டாலும் பதில் சொல்வாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, பழைய கேள்வித்தாள் ஒன்றை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து வெறும் தாளோடு வந்து நின்றாள்.

"ஒண்ணுமே புரியலண்ணா."

ஒவ்வொரு கேள்வியையும் போனில் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். அறிவு முழுக்க அவளிடம் இருந்தது. அதை இங்கிலீஷில் பார்த்தால் இன்னது என்று அடையாளம்தான் தெரியவில்லை. அப்படி ஆக்கியவன் நான்.

அன்றைக்கே பென்சிலை எடுத்தேன். தமிழ் வார்த்தைகளுக்கு மேலே இங்கிலீஷ் வார்த்தையைப் பொடியாக எழுதிக்கொண்டே போனேன். கடைக்குப் போகுமுன் பத்துப் பக்கம், வந்த பிறகு இருபது பக்கம். கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நெட் வந்தால் வந்ததுதான். வராதபோது காத்திருக்க நேரமில்லை. என் புத்திக்கு எட்டியதை எழுதினேன். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. இறைமக்கள், இறைவார்த்தை, இறையாட்சி என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது. 'இறையாண்மை' வந்ததும் கொஞ்சமும் யோசிக்காமல் 'காட்ஸ் ரூல்' என்று எழுதினேன்.

"அப்டியாண்ணா?"

"ஆமாமா. எழுதுனதப் படி."

படித்தாள். அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டவரே, என் புத்தி கெட்டதற்கு அவளைத் தண்டிக்காதேயும் என்று துணி மடிக்கும்போதுகூட வேண்டிக்கொண்டேன்.

சென்னையில் தேர்வு. முடிகிற வரைக்கும் கேட்டுக்கு வெளியே கால் மாற்றி மாற்றி நின்றேன். வெளியே வந்தவளிடம் எதுவும் கேட்கத் தைரியம் வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டியதும் அவளே பேச்செடுத்தாள். குரலில் கொஞ்சம் தெம்புகூட இருந்தது.

"ஒரு கேள்வி அவங்களே தப்பா போட்டுட்டாங்கண்ணா."

"இன்னாது?"

"வேற நாட்டுக்குக் கட்டுப்படாம தன்னைத்தானே ஆள்ற அதிகாரம் எதுன்னு. கஷ்டப்பட்டுப் புரிஞ்சிக்கினேன். இறையாண்மதான? நாலு ஆப்ஷன்லயும் காட்ஸ் ரூல் இல்லவே இல்ல. அதான் வுட்டுட்டேன்."

போனை எடுத்து 'இறையாண்மை' என்று தட்டினேன். நெடுஞ்சாலையில் நெட் பிரமாதமாக வந்தது. 'சாவரின்டி' என்று காட்டியது. போனைத் தொடையில் கவிழ்த்து வைத்தேன். இன்னும் எத்தனை வார்த்தைகளை இப்படி நானாக எழுதினேன் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். விக்கிரவாண்டி வந்தும் முடியவில்லை.

"தப்பான கேள்விக்கு எல்லாருக்கும் மார்க்கு குடுத்துடுவாங்க இல்லண்ணா?"

"குடுத்துடுவாங்கமா" என்றேன்.