பத்து டீ-ஷர்ட்டில் அழிந்த முகம்

போன வருஷம் வைகாசியில் நடந்தது இது. கச்சிராயபாளையத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் என் இஸ்திரி வண்டி. நாற்பது வருஷமாகத் துணி துவைத்து, தேய்த்துக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. வாத்தியார் சொல்லிக்கொடுத்தது எதுவும் மண்டையில் தங்கவில்லை, அவர் சட்டையில் இருந்த மைக்கறைதான் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிரிண்டிங் கடை. போட்டோவைக் கொடுத்தால் கப்பில், தலையணை உறையில், சட்டையில் என்று எதிலும் போட்டுத் தருவார்கள். படத்தைக் காகிதத்தில் எடுத்து, அதைத் துணிமேல் வைத்து, சூடான தகட்டால் ஒரு அழுத்து. படம் துணிக்கு வந்துவிடும். கடைக்காரனுக்கு முப்பது வயசு இருக்கும். "நீயும் இஸ்திரிக்காரன்தான்டா தம்பி, கண்ணாடிக் கதவு போட்டுக்கினு உக்காந்துகினு இருக்கிற" என்று நான் கிண்டல் செய்வேன். அவனும் சிரிப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வடக்கனந்தலில் இருந்து ஒரு பெண் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளைக்கு மலைமேல் குலதெய்வக் கோயிலில் காது குத்து. பிள்ளையின் முகத்தை அந்தக் கடையில் போட்டு, பதினொரு வெள்ளை டீ-ஷர்ட் வாங்கி வந்திருந்தாள். பத்து தாய்மாமனுக்கும் மற்ற ஆண்களுக்கும், ஒன்று பிள்ளைக்கு. எல்லாம் சுத்தக் காட்டன். பிள்ளைக்கு வேர்க்குரு என்று அவளே கேட்டு வாங்கினாளாம்.

எங்கள் பக்கம் புதுத்துணியை அப்படியே உடுத்த மாட்டார்கள். தண்ணீர் படாத துணி என்றால் அது கோடி, சாவுக்குப் போடுவது. நல்ல காரியத்துக்கு என்றால் ஒரு தடவை அலசி, ஓரத்தில் மஞ்சள் வைத்துத்தான் உடுத்துவார்கள். "அலசி, மஞ்ச வெச்சி, தேச்சிக் குடுத்துடுங்க ஆயா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குழந்தையின் சின்னச் சட்டையைத் தனியாக அலசலாம் என்று எடுத்து வைத்துவிட்டு, பத்தையும் தொட்டியில் போட்டேன். பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு. அவ்வளவுதான். கசக்கக்கூட இல்லை. முதல் சட்டையை எடுத்துப் பிழிந்து விரித்தால், பிள்ளை முகம் புகை மூட்டத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. பத்திலும் கண்ணும் மூக்கும் கரைந்து போய், ஒரு நிழல் மட்டும் இருந்தது.

சாயங்காலம் அவள் வந்து பார்த்தாள். பத்தையும் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாள். பிறகு, "நல்ல காரியம் நடக்கப் போற நேரத்துல எம் புள்ள மூஞ்சிய அழிச்சிட்டீங்களே ஆயா" என்றாள். ஒரு அம்மாவுக்கு அது வெறும் சாயம் போன விஷயமா? சகுனம் இல்லையா?

சத்தம் கேட்டு எதிர்க்கடைக்காரன் வந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தான். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும், "இன்னா ஆயா, சோடா போட்டு ஊற வெச்சீங்களா? வெந்நீர்ல போட்டீங்களா? வயசாயிடுச்சி, இனிமே நம்பிக் குடுக்கக் கூடாது போல" என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கியோ என் கை தப்பு பண்ணிடுச்சி கண்ணு" என்றேன்.

"அந்தச் சின்னச் சட்டைய மட்டும் தண்ணியில முக்காதீங்க. தேச்சி வையிங்க, காலையில வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மறுநாள் விடிந்ததும் இரண்டு பேர் வந்து, தேய்க்கக் கொடுத்திருந்த மூட்டையை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் பட்டு வேட்டி, ஒருத்தர் கல்யாணப் புடவை. காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன?

அந்தக் காலையில் சின்னச் சட்டையைத் தேய்க்க எடுத்தேன். வண்டியில் விரிக்கிற போர்வை ஈரமாகக் கிடந்ததால், என் பழைய பாலிஸ்டர் புடவை ஒன்றை மடித்து விரித்திருந்தேன். படத்தின் மேல் பெட்டி படக்கூடாது என்று சட்டையைக் குப்புறப் போட்டு, பயந்து பயந்து அழுத்தினேன். எடுத்தால், என் புடவையில் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு இருக்கிறான். சட்டையில் இருந்ததைவிடப் பளிச்சென்று.

எச்சில் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை. சோப்புப் போட்டுக் கசக்கினேன், போகவில்லை. அப்போது புரிந்தது. இந்தச் சாயத்துக்கு நூல் துணி ஆகாது, பாலிஸ்டர்தான் வேண்டும். காட்டனில் அது ஒட்டவே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தது. இது என் கைக்கு ஒரு நிமிஷத்தில் புரிகிறது என்றால், தினமும் இதே வேலை செய்கிறவனுக்குப் புரியாமலா இருக்கும்? எனக்கு வந்த கோபத்தில் பெட்டிக்குக் கரியே தேவைப்பட்டிருக்காது.

அந்தப் பெண் வந்தாள். அவள் கையைப் பிடித்து எதிர்க்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் இடுப்பில் இருந்த வெள்ளைக் காட்டன் கைக்குட்டையை நீட்டி, "என் மூஞ்சிய இதுல போட்டுக் குடு தம்பி" என்றேன்.

"ஆயாவுக்கு ஆசையப் பாரு" என்று சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தான். அடித்து, அழுத்தி, சுடச்சுடக் கொடுத்தான். அழகாகத்தான் இருந்தேன். அவன் கடை வாசலில் கை கழுவ வைத்திருந்த வாளியில், அவன் சோப்பையே போட்டு, அந்தப் பெண்ணின் கையாலேயே அலசச் சொன்னேன். அவள் விரித்துப் பிடித்தாள்.

"ஆயாவக் காணோமே, எங்க போனா?" என்று கேட்டேன். "என் பொட்டியும் படல, என் கையும் படல. வாளி உன்னுது, சோப்பும் உன்னுது."

அவன் தலையைச் சொறிந்தான். "காட்டன்ல நிக்காது ஆயா. பாலிஸ்டர்னாதான் நிக்கும். அக்கா காட்டன்தான் வேணும்னாங்க. முடியாதுன்னா வேற கடைக்குப் போயிருப்பாங்க."

"தெரிஞ்சிகினேதான் போட்டுக் குடுத்தியாண்ணா?" என்றாள் அந்தப் பெண். "நேத்து இந்தம்மாவ அத்தினி பேர் எதுர்ல பேசினியே, அதுவும் தெரிஞ்சிகினேதானா?"

அவன் என் பக்கம் திரும்பினான். சாயங்காலத்துக்குள் பாலிஸ்டரில் வேறு போட்டுத் தருகிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம் ஆயா, மன்னிச்சிடுங்க என்று என்னிடம் குனிந்து முணுமுணுத்தான். கடைக்குள்ளே கேட்கிற மன்னிப்பு எனக்கு எதற்கு? பஸ் நிறுத்தத்தில் சொன்னதை பஸ் நிறுத்தத்திலேயே வந்து மாற்றிச் சொல்லு என்றேன். அசையவே மாட்டேன் என்றான். கண்ணாடிக் கதவுக்குக் குறுக்கே, நடு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போக வந்தவர்களிடம் எல்லாம், "ஆயா மூஞ்சி பாக்குறீங்களா?" என்று கைக்குட்டையைக் காட்டினேன். நாலாவது ஆள் வந்ததும் கடைக்காரன் எழுந்து வெளியே வந்துவிட்டான்.

கள்ளக்குறிச்சி பஸ் வந்து நின்றிருந்தது. என் வண்டிப் பக்கத்தில் நின்று, "துணி மேல தப்பு இல்ல, ஆயா மேலயும் தப்பு இல்ல, எங்க பிரிண்ட்தான்" என்றான், தரையைப் பார்த்தபடி.

"சத்தமா சொல்லு தம்பி, கண்டக்டருக்குக் கேக்கல" என்றேன். சொன்னான். கண்டக்டருக்கும் கேட்டது.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொன்னபடி சாயங்காலத்துக்குள் புதுச் சட்டைகளும் வந்தன. பிள்ளைக்குக் காது குத்தி, மலையில் இருந்து பிரசாதமும் கொண்டுவந்து கொடுத்தாள். மூட்டையை வாங்கிப் போனவர்களில் ஒருத்தர் திரும்ப வந்தார், கல்யாணப் புடவைக்காரர் வரவே இல்லை.

அவன் மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது, இப்போதும் எதிரெதிரே உட்கார்ந்து வம்பு பேசிக்கொள்கிறோம். நாற்பது வருஷம் பழகிய என் கையை ஒருவன் சொன்னதற்காக நானே சந்தேகப்பட்டு, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டேனே, அந்த ஒரு சாயங்காலத்தை நினைத்தால் மட்டும் எனக்கு என் மேலேயே இன்னும் கோபம் வருகிறது.