டெய்சியின் நீலக் கண்

வெள்ளையம்மா இருபத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் கெட்டதும் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை அவளைத் தன் நாய்க்கூட்டு வேலைக்கு மாற்றினார். "நாய்க்கு ஆயா" என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. அந்த நாய்களுக்கு வாரத்தில் நாலு நாள் இறைச்சி. சிரித்தவர்கள் வீட்டிலோ தீபாவளிக்குத்தான் கறி. யாரைப் பார்த்து யார் சிரிப்பது? வெள்ளையம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்பது நாய்களும் அவள் குரலுக்குத்தான் அடங்கும்.

1998 மாசி மாதம் பலாங்கொடைப் பக்கம் மழையில்லாமல் குழாய் வற்றியது. வேறு வழி தெரியாமல், தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் இருந்த பீப்பாய்த் தண்ணீரில் நாய்களின் சோற்றுத் தட்டுகளைக் கழுவினாள். களைக்கொல்லி அடிக்கிறவர்கள் டின் அலசுகிற தண்ணீர் அது என்று மறுநாள்தான் தெரிந்தது. அடுத்த வாரமே தாய்நாய் டெய்சி காய்ச்சலில் விழுந்து, வாந்தியெடுத்து, எப்படியோ பிழைத்தது. ஆனால் அதன் ஒரு கண் நீலம் பூத்து மங்கிவிட்டது. பிறகு அதன் குட்டிகளில் இரண்டு அடுத்தடுத்துச் செத்தன.

தன் கையாலேயே விஷம் வைத்துவிட்டதாக வெள்ளையம்மா முடிவு கட்டிவிட்டாள். டெய்சியின் கண் யார் பார்வையிலும் படாமல் அதைப் பின்கூட்டில் அடைத்தாள். குட்டிகளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கொன்றவளே அழுவதா என்று அவளுக்கே கூசியது.

துரை இரண்டாவது குட்டியை ஐஸ் பெட்டியில் வைத்து, பேராதனையிலிருந்த மிருக வைத்திய ஆய்வுகூடத்துக்கு ஜீப்பில் அனுப்பினார். தீனி பற்றி டாக்டர் கேட்பார் என்று, டிரைவர் தாஸிமோடு வெள்ளையம்மாவையும் ஏற்றிவிட்டார். வழி நெடுக அவள் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை.

டாக்டர் தருமலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கத்தியை எடுக்குமுன்பே அவளுக்கு அடக்க முடியவில்லை.

"ஐயா, நான்தாங்க கொன்னுட்டேன்" என்று பீப்பாய் விசயம் முழுவதையும் கொட்டிவிட்டாள். அவர் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு உள்ளே போனார். வெளியே கிடந்த வாங்குப் பலகையில் அவள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்தவர் கேட்டார்: "மிச்ச நாயளில ஒண்டுக்காவது கண் நீலமா மங்கினதோ, அம்மா?"

பிடிபட்டுவிட்டோம் என்றே நினைத்தாள். "டெய்சிக்குங்க. மறைச்சு வச்சிருக்கேன்."

"அதை ஏன் மறைச்சனீங்கள்? அதைத்தானே நான் தேடுறன்!"

குட்டியின் பித்தப்பை வீங்கியிருந்ததையும், சாயமேற்றிப் பார்த்த ஈரல் உயிரணுக்களின் உட்கருவுக்குள் கரும்பொட்டுகள் தெரிந்ததையும் அவர் பொறுமையாகச் சொன்னார். "இது நஞ்சில்லை. நாயளுக்கு வாற வைரஸ் ஈரல் அழற்சி. தப்பின நாய்க்குச் சிலவேளை கண் இப்பிடி நீலமாகும், அனேகமாத் தெளிஞ்சிடும். டெய்சியின்ர மூத்திரத்தில கிருமி மாதக்கணக்கா வரும், தனியா வையுங்கோ. மற்றதுகளுக்கு ஊசி போடவேணும்."

"அப்ப நான் கொல்லலையாங்க?"

"இல்லை அம்மா."

மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் அந்த மனுசன் சலிக்காமல் பதில் சொன்னார். அவர் நன்றாயிருக்கட்டும்!

திரும்பும் வழியில் மாவனல்லையில் தாஸிம் ஜீப்பை நிறுத்தினான். பல நாளாக ஒழுங்காகச் சாப்பிடாதவள் ரொட்டி மூன்றைத் தின்று, தேத்தண்ணியும் குடித்தாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள்.

தாஸிம் பதறிப்போனான். "நல்ல செய்திதானே அக்கா, என்னத்துக்கு அழுறீங்க?"

"குட்டிக ரெண்டும் செத்துப்போச்சே தம்பி" என்றாள் வெள்ளையம்மா. "இப்பத்தான எனக்கு அழ முடியுது."