பதில் பாடாத அறை

எனக்கு என் குரலைப் பற்றி அடக்கமெல்லாம் கிடையாது. கொடைக்கானலில் எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தின் தமிழ் ஆராதனையில் கீர்த்தனை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். ஆனால் எடுத்துக் கொடுப்பதோடு சரி. நான் ஒரு வரி பாடி நிறுத்த வேண்டும். சபை அதைத் திருப்பிப் பாடும். பிறகுதான் எனக்கு அடுத்த வரி. எங்கள் சபையார் பாடினால் தகரக் கூரை அதிரும். சுருதியைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. ஒரே ஒரு பாட்டையாவது முதலிலிருந்து கடைசி வரை நான் மட்டும் பாட வேண்டும், நம் ஜனங்கள் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் பிடித்த ஆசை அது.

பஜாரில் இசைத்தட்டும் கிராமபோன் ஊசியும் விற்றவரிடம் வழி கேட்டேன். சீசனுக்கு மலையேறும் கம்பெனி ஏஜெண்டுகள் எல்லாரும் அவருக்குப் பழக்கம். நேராக இசைத்தட்டுக் கம்பெனிக்கே எழுதிப் போடலாமா என்றதும் சிரித்துவிட்டார். ஏற்கனவே பெயர் வாங்கியவர்களைத்தான் கம்பெனிக்காரர்கள் தேடுவார்களாம். சினிமா என்றால் சென்னையில் வீடு பிடித்து, ஸ்டூடியோ வாசலில் காத்துக் கிடக்க வேண்டுமாம்.

"மொதல்ல ரேடியோ ஸ்டேஷன்ல பாடி பாஸ் பண்ணுங்கம்மா. மத்த கதவெல்லாம் அதுக்கப்பறந்தான் தெறக்கும்" என்றார்.

விண்ணப்பித்தேன். அழைப்பு வந்ததும் கணவரும் நானும் பஸ் பிடித்துக் கீழே இறங்கினோம். ரேடியோ நிலையத்தில் என்னை மட்டும் ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். தேர்வு செய்பவர்கள் திரைக்குப் பின்னால். சிவப்பு விளக்கு எரிந்ததும் முதல் வரியைப் பாடினேன். நன்றாகவே பாடினேன். பாடிவிட்டு நிறுத்தினேன், சபை பாடட்டும் என்று.

யார் பாடுவார்கள்? சுவரா? அப்படி ஒரு நிசப்தத்தை நான் மலையில்கூடக் கேட்டதில்லை. வரி மறந்துவிட்டதா என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் மரியாதையாகக் கேட்டது. பதறிப்போய் அடுத்த வரியை எடுத்தேன். அதன் முடிவிலும் நின்றேன். விளக்கு அணைந்துவிட்டது. சில மாதங்கள் கழித்து மறுபடி முயலலாம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்த பஸ்ஸில் கணவர் மீது எரிந்து விழுந்தேன், அவர் என்ன செய்வார், பாவம்.

அதன்பின் நிறுத்தாமல் பாடப் பழகினேன். பாத்திரம் கழுவும்போது பாடினேன், செண்பகனூருக்கு நடக்கும்போது பாடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலும் அதே வேகத்தில் ஓடி, சபையாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாம் முறை தேறினேன். ஒரு நாள் காலை நிகழ்ச்சியில் பாட இடமும் கொடுத்தார்கள்.

என்னைப் போன்றவர்களின் பாட்டை அப்போது பதிவு செய்து வைக்க மாட்டார்கள். மைக்கில் பாடினால் அந்த நிமிடமே காற்றில் போய்விடும். பாடுகிறவளுக்கு அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. அதனால் எனக்கும் சேர்த்துக் கேளுங்கள் என்று கணவரை ஊரில் விட்டுவிட்டு அண்ணனோடு போனேன். பாடினேன். எங்கும் நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது பஸ் நிலையத்தில் கணவர் காத்திருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. சபையார் அத்தனை பேரையும் இசைத்தட்டுக் கடை ரேடியோ முன்னால் கூட்டிவிட்டாராம். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நீ மொத வரி பாடி முடிச்சதும் நாங்க எல்லாரும் சேந்து எடுத்தோம் பாரு, பஜாரே திரும்பிப் பாத்துச்சு."

"அப்ப ரெண்டாவது வரி?"

"அது எங்கிட்டுக் கேட்டுச்சு? நாங்கதான் பாடிக்கிட்டு இருந்தோமே. கடைசி வரைக்கும் விடலைல்ல."

அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அடுத்த வாய்ப்பு வருவதற்குள் குழந்தைகள் வந்துவிட்டார்கள். அன்றைக்கு என்னை யாரென்றே தெரியாத ஏதோ ஓர் ஊரில், அடுப்படியில் வேலை செய்துகொண்டே ஒரு பெண் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். அவளைப் பார்க்க இன்னும் ஆசையாக இருக்கிறது. நான் எப்படிப் பாடினேன் என்று அவளுக்குத்தான் தெரியும்.