ராணிக்கு வளர்த்த முடி

சலூன் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைச் சுற்றித் துணி கட்டியதும் எனக்கு அந்தச் செகரட்டரியின் முகம் ஞாபகத்துக்கு வரும். வந்ததும் ஒரு சுகம். காதோரம் கத்தரிச் சத்தம் கேட்கக் கேட்க அந்தச் சுகம் கூடும். இத்தனை வருஷம் ஆகிவிட்டது, அந்த ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டார், இன்னுமா என்று என் மனைவி கேட்பாள். இன்னும்தான். போய்ச் சேர்ந்தவர்களை மன்னித்துவிட வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்?

அறுபதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு நாடக சபா இருந்தது. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் யாரும் அதில் கிடையாது. என்னைப்போல் தறி நெய்கிறவர்கள், பலசரக்குக் கடைக்காரர், தபால் ஆபீஸ் குமாஸ்தா, ஹார்மோனியம் வாசிக்கும் தையல்காரர், இப்படிப் பிழைப்பு வேறு பாட்டு வேறு என்று இருந்தவர்கள்தான். பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தவர் செகரட்டரி. அவர் கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒத்திகை நடக்கும். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறும், தும்மிக்கொண்டே பாடுவோம். குடோன் அவருடையது, ஹார்மோனியம் அவர் வாங்கிப் போட்டது, ஆகவே ராஜா வேஷமும் அவருக்கே. குரல் நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

பெரும்பாலும் ஒரே நாடகத்தைத்தான் போடுவோம். தபால் ஆபீஸ் குமாஸ்தா எழுதியது. பஞ்சம் தாங்காமல் நாட்டை விட்டுப் போன ராஜாவை ராணி தேடிப் போகிற கதை. பேச்சு கொஞ்சம், பாட்டு நிறைய. மழையைக் கண்ணில் காணாத எங்கள் பக்கத்தில் பஞ்சக் கதை என்றால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. கடைசிக் காட்சியில் ராஜா வெயிலில் மயங்கிக் கிடப்பார். ராணி கொண்டையை அவிழ்த்து, கூந்தலை விரித்து, அவர் முகத்துக்கு நிழல் கொடுத்தபடி பாடுவாள். அந்தப் பாட்டுக்காகவே ஜனம் கலையாமல் உட்கார்ந்திருக்கும்.

சபாவில் பெண்கள் கிடையாது, ராணியும் ஆண்தான். நரிக்குடியில் ஒரு தடவை ராணி கொண்டையை அவிழ்க்கப் போக, டோப்பா முழுசாகக் கழன்று ராஜாவின் மூஞ்சியில் விழுந்துவிட்டது. மயங்கிக் கிடந்த ராஜா தும்மினார். அழுதுகொண்டிருந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஊர் திரும்பியதும் செகரட்டரி அந்த டோப்பாவைக் கொளுத்திவிட்டு ஒரு சட்டம் போட்டார். இனிமேல் ராணி வேஷம் கட்டுகிறவனுக்குச் சொந்த முடி இருக்க வேண்டும். சொந்த முடி சபா என்றே எங்களுக்குப் பேர் வந்துவிட்டது. அதில் அவருக்குப் பெருமை தாங்காது.

நான் சேர்ந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. புதிதாக வருகிறவனைச் சேர்க்க அங்கே ஒரு முறை உண்டு. ஹார்மோனியத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்து, வந்தவனைப் பாடச் சொல்வார்கள். அவன் பாடப் பாட ஹார்மோனிய மாஸ்டர் சுருதியை ஏற்றிக்கொண்டே போவார். சுருதியை நாங்கள் கட்டை என்போம். ஏதோ ஒரு கட்டையில் குரல் உடைந்து கிறீச்சிடும். உடனே எல்லாரும் கைதட்டி, சுக்குக்காப்பி கொடுத்து, தோளில் துண்டு போடுவார்கள். உடைந்தவன்தான் உறுப்பினர். அப்புறம் அவன் பெட்டி தூக்க வேண்டும், காஸ் லைட்டுக்குக் காற்றடிக்க வேண்டும், படுதா இழுக்க வேண்டும். அதிலெல்லாம் முகம் சுளிக்காமல் இருந்தால் ஒரு சேவகன் வேஷமோ தோழி வேஷமோ கிடைக்கும்.

என் குரல் உடையவில்லை. மாஸ்டர் ஏற்றிப் பார்த்தார், இன்னும் ஏற்றிப் பார்த்தார், கடைசியில் கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுக்குக்காப்பி ஆறிப்போயிற்று. செகரட்டரி எழுந்து வந்து என் தலையைத் தடவிப் பார்த்தார். மாடு பிடிக்கிறவன் தடவுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு அதுவும் எனக்கு இனித்தது.

"முடிய வளருலே. அடுத்த பங்குனிப் பொங்கலுக்கு நீதான் ராணி" என்றார்.

எல்லார் முன்னாலும் சொன்னார். கற்பூரம் கொளுத்தி, அந்த அம்மன் கோயில் திருவிழா வரும்வரை கத்தரி வைக்க மாட்டேன் என்று என்னைச் சத்தியமும் செய்யச் சொன்னார். செய்தேன். அவர் பங்குக்கு அவர் எந்தச் சத்தியமும் செய்யவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

ஆண்பிள்ளை முடி வளர்க்கிற கஷ்டம் வளர்த்தவனுக்குத்தான் தெரியும். தறிக்குழியில் உட்கார்ந்து குனிந்தால் முடி பாவு நூலில் விழும். இழையோடு சிக்கிக்கொண்டால் அப்பா கன்னடத்தில் திட்டுவார். எங்கள் வீட்டில் பேச்சு கன்னடம்; திட்டுவதற்கு அதில் நல்ல நல்ல வார்த்தைகள் உண்டு. தெருவில் பொடியன்கள் பூ வேணுமா, வளையல் வேணுமா என்று பின்னாலேயே வருவார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், தண்ணீருக்கு எங்கே போவது? கிணறெல்லாம் வறண்டு, வண்டியில் வருகிற தண்ணீருக்குக் குடத்தோடு அடிதடி நடக்கிற ஊர். அந்த ஊரில் கல்யாணம் ஆகாத ஒரு தடியன் புழக்கடையில் உட்கார்ந்து சீயக்காய் தேய்த்துக் குளித்தால் பெண்கள் சும்மா விடுவார்களா? சண்டாளப் பாவி, குடிக்கத் தண்ணி இல்ல, இவனுக்குக் கொண்டை கேக்குதா என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காதுபடவே சொல்வார்கள். அம்மா தன் தலைக்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீரை எனக்கு ஊற்றிவிட்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவாள்.

திருச்சுழியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் மாமா வந்த நேரத்தில் நான் முற்றத்தில் முடி உலர்த்திக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் என்னை வீட்டுப் பெண் என்று நினைத்து, அப்பா இருக்காகளாம்மா என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால் மீசை. கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்பா அதற்கப்புறம் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அந்தப் பாட்டு, அந்த ஒரு பாட்டு எனக்கு மேடையில் வேண்டும்.

முதல் பங்குனிக்கு முடி தோளைத் தாண்டவில்லை, சரி. அடுத்த பங்குனிக்கு முதுகுக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்றார். தற்காலிகமாகக் கமுதிப் பக்கத்திலிருந்து முடி வளர்த்த ஒருவனைக் கூட்டிவந்து வேஷம் கட்டினார்கள். அவன் பாடும்போது நான் படுதாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தேன். மூன்றாவது பங்குனிக்கு இடுப்பைத் தொட்டது. இனி என்ன சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் எம்.ரெட்டியபட்டிப் பொங்கலுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒத்திகைக்குப் போனால் செகரட்டரி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, மதுரையிலிருந்து ஒரு நடிகையை அமர்த்திவிட்டதாகச் சொன்னார். தொழில்முறையாகப் பாடுகிறவராம், பெயரைப் போட்டாலே கூட்டம் வருமாம். அந்த அம்மாவின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அப்ப நான், என்று மட்டும் கேட்டேன். குடோன் முழுக்க ஆட்கள் இருந்தார்கள்.

"நெசமான பொம்பளையே வரும்போது ஒன் மசுர எவன்லே பாப்பான்? நீ படுதா இழுக்கிறவன். போயி படுதாவ இழு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த இடத்திலேயே செகரட்டரியின் சட்டையைப் பிடித்திருப்பேன். பிடித்தால் கணக்கு ஒரு நாளோடு முடிந்துவிடும். நான் போய்க் கயிற்றில் எண்ணெய் தடவ ஆரம்பித்தேன்.

இனிமேலாவது வெட்டித் தொலை என்று அம்மா கெஞ்சினாள். நான் வெட்டவில்லை. முன்னைவிட அதிகமாக எண்ணெய் தேய்த்தேன், சிக்கெடுத்தேன், பின்னி முடிந்துகொண்டேன். ஒரு நாள் இந்த முடி இவர்களுக்கு வேண்டிவரும், அன்றைக்கு இருக்கிறது என்று கறுவிக்கொண்டே சீவினேன். கொஞ்சம் ஆசையும் இருந்திருக்கலாம். இருந்தது.

நாடகத்தன்று மத்தியானம் எங்கள் தெருவுக்குள் வாடகைப் பிளஷர் கார் வந்து நின்றது. செகரட்டரி இறங்கினார், பின்னாலேயே மாஸ்டர். நடிகைக்குக் கடும் காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை என்று அவருடைய அண்ணன் மட்டும் பஸ்ஸில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ரெட்டியபட்டியில் பந்தல் போட்டு, ரேடியோக் குழாய் கட்டி, சுற்றுப்பட்டி ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கமுதிக்காரன் வேறு ஊருக்கு வேஷம் கட்டப் போய்விட்டான். நடிகை இல்லை என்றால் போகிறது, சொந்த முடி ராணி இல்லாமல் போனால் மேடையில் கல் விழும். எங்கள் வீட்டு வாசலையே மிதிக்காத செகரட்டரி உள்ளே வந்து, அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

மாஸ்டர் என் பக்கத்தில் வந்து, "தம்பி, ஒன் கட்டைக்கே வாசிக்கிறேன். நீ பாடு" என்றார்.

தொண்டை தானாகத் திறந்துகொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து காரில் ஏறியிருப்பேன். பாட்டின் முதல் அடி நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. செகரட்டரி செம்பைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு நீ ஒப்பேத்திரு. அடுத்ததுக்கு அவுக வந்துருவாக" என்றார்.

ஒப்பேத்திரு. மூன்று வருஷ முடி, அம்மா தலைக்கு ஊற்றாத தண்ணீர், போன சம்பந்தம், எல்லாம் ஒரு நாளைக்கு ஒப்பேற்ற! முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உட்காருங்க அண்ணாச்சி, காப்பி குடிங்க, தயாராகி வாரேன் என்று சொல்லிவிட்டுப் புழக்கடை வழியாக வெளியே போனேன்.

தெருமுனையில்தான் சலூன். மொட்டை போட வேண்டும் என்றேன். சலூன்காரர் என் கொண்டையைப் பார்த்தார், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார், நெசமாவா என்று கேட்டார். நெசமாத்தான் என்றேன். அவருக்கே மனசு வராமல் முதலில் பின்னலை மட்டும் அடியோடு வெட்டி என் மடியில் வைத்தார். கனமாக இருந்தது. அப்புறம் தண்ணீர் தொட்டு மழித்தார். கண்ணில் நீர் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தேன். செகரட்டரி காப்பி டம்ளரை வாயருகே வைத்தபடி நிமிர்ந்தார். அவர் முகம் மாறியதை இப்போதும் என்னால் அப்படியே பார்க்க முடியும். முதலில் நான் யார் என்று தெரியவில்லை. தெரிந்ததும் வாய் பிளந்தது. காப்பி வேட்டியில் கொட்டியது. இதற்குத்தான் பிறந்தேன் என்று இருந்தது எனக்கு.

"படுதா இழுக்கத் தயாராயிட்டேன் அண்ணாச்சி. போவமா?" என்றேன்.

போனேன். காரில் ஏற்றவில்லை, பஸ்ஸில் போனேன். பபூன் வேஷம் கட்டும் பலசரக்குக் கடைக்காரரைத் தொந்தியோடு ராணியாக்கி, முக்காடு போட்டு மேடையேற்றினார்கள். கடைசிக் காட்சி வருவதற்கு முன்னால் செகரட்டரி ராஜா உடையிலேயே என்னிடம் வந்தார். முடி போனால் போகிறது, பாட்டையாவது படுதாவுக்குப் பின்னாலிருந்து பாடிவிடு, கடைக்காரர் வாயசைப்பார் என்று கெஞ்சினார். தம்பி என்று கூப்பிட்டார். நான் படுதா இழுக்கிறவன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

காட்சி வந்தது. ராஜா மயங்கி விழுந்தார். மாஸ்டர் என் கட்டையில் பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். நிறுத்தி, நான் நிற்கும் பக்கம் பார்த்துவிட்டு, மறுபடியும் வாசித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றேன். கடைக்காரர் தானே பாடத் தொடங்கி, இரண்டாவது அடியில் கிறீச்சிட்டார். கூட்டத்திலிருந்து ஒருத்தன் ராணியம்மா முடிய அவுத்து விடுங்க என்றான். இன்னொருத்தன் முக்காட்டை எடுக்கச் சொன்னான். அப்புறம் ஊரே சிரித்தது. மயங்கிக் கிடந்த ராஜாவின் நெற்றி நரம்பு துடிப்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் படுதாவை இறக்கச் சொல்லிக் கையால் ஜாடை காட்டினார். மயங்கின ராஜாவின் பேச்சை யார் கேட்பது? கூட்டம் சிரித்து ஓயும்வரை கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பொட்டலில் சாமான் கட்டும்போது அவர் வந்தார். அரிதாரம் வேர்வையில் வழிந்திருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். "ஒனக்கும் சேத்துத்தானலே போச்சு" என்றார், மெதுவாக. போகட்டும் என்றேன்.

சொந்த முடி சபா அதற்கப்புறம் அந்த நாடகத்தைப் போடவில்லை. இரண்டொரு வருஷத்தில் சபாவே கலைந்தது. எனக்கு முடி வளர்ந்தது, கிராப்பு வெட்டினேன், கல்யாணம் ஆயிற்று. எழுபதுகள் முடிகிற சமயத்தில் செகரட்டரி படுத்த படுக்கையாகிவிட்டார் என்று மாஸ்டர் வந்து சொன்னார். அந்த ராணி பாட்டை என் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டுமாம்.

போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். சாப்பாடு இறங்குகிறதா என்று விசாரித்தேன். பாடுலே என்றார்.

"அன்னைக்கே படுதா இழுத்தாச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

தெருவைத் தாண்டி, வெயிலில் யாரும் நடமாடாத கண்மாய்க் கரைக்கு வந்ததும் அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினேன். பழைய கட்டையிலேயே பாடினேன். உடையவில்லை. கேட்கத்தான் ஒருத்தரும் இல்லை.